ராட்லி வீட்டு வராந்தா வரை

ஆட்டிகஸ் ஃபிஞ்ச் தன் மகள் ஸ்கவுட்டுக்குச் சொன்ன புத்திமதியை, 'டு கில் எ மாக்கிங்பேர்டு' நாவலைப் படிக்காதவர்கள்கூட எங்கேயாவது கேட்டிருப்பார்கள். ஒருவரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவர் நிற்கிற இடத்தில் போய் நின்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அது வருவது மூன்றாம் அத்தியாயத்தில், ஒரு சாயங்கால வேளையில். அன்று மதியமே அந்த வீட்டுச் சமையலறையில் அதே பாடம் நடந்து முடிந்துவிட்டது. நடத்தியவர் சமையல் செய்யும் கால்பூர்னியா. இதைச் சொன்னால், படித்தவர்களிலும் பாதிப்பேர் யோசிப்பார்கள்.

வால்டர் கன்னிங்ஹாம் மதியச் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் பள்ளிக்கு வந்த ஏழைப் பையன். அவனால் டீச்சரிடம் தான் மாட்டிக்கொண்ட கோபத்தில் ஸ்கவுட் அவனை மைதானத்தில் போட்டு அடிக்கிறாள். அண்ணன் ஜெம் விலக்கிவிட்டு, அவனை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வருகிறான். மேசையில் அந்தப் பையன் காய்கறி, இறைச்சி என்று எல்லாவற்றின் மேலும் இனிப்புப் பாகை ஊற்றிக்கொள்கிறான். ஸ்கவுட் என்ன இது என்று கேட்டுவிடுகிறாள். அவன் தலை குனிந்துவிடுகிறது. கால்பூர்னியா அவளை உள்ளே கூப்பிட்டு, இந்த வீட்டு வாசற்படியை மிதித்தவர் யாரானாலும் விருந்தாளிதான் என்று கடிந்துகொள்கிறார். ஓர் அடியும் வைத்து, சமையலறையிலேயே உட்கார்ந்து சாப்பிட வைக்கிறார்.

சாயங்காலம் அப்பா கொடுத்தது ஒரு விதி. மதியம் கால்பூர்னியா கொடுத்தது வெட்கம். முதல் வகுப்புக் குழந்தைக்கு எது முதலில் உறைக்கும் என்று நாவலாசிரியர் ஹார்ப்பர் லீக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் இந்த வரிசை. புகழ் மட்டும் முழுக்க விதிக்குப் போய்ச் சேர்ந்தது.

1960 ஜூலையில் வெளிவந்து, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்று, 1962-இல் கிரிகரி பெக் நடித்த படமாகி, தலைமுறை தலைமுறையாக அமெரிக்கப் பள்ளிகளில் பாடமாக இருந்துவரும் நாவல் இது. கதை நடப்பது அலபாமா மாநிலத்தில், மேகோம் என்ற கற்பனை ஊரில், 1930களின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில். கதை தொடங்கும்போது ஸ்கவுட்டுக்கு ஆறு வயது நிரம்பவில்லை, முடியும்போது எட்டு. அந்த இடைவெளியில், வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்ததாகப் பொய்க்குற்றம் சாட்டப்பட்ட டாம் ராபின்சன் என்ற கறுப்பின இளைஞருக்காக அவள் அப்பா வாதாடித் தோற்கிறார். தப்ப முயன்றதாக டாம் சிறையில் சுட்டுக் கொல்லப்படுகிறார். வருடக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியே வராத பக்கத்து வீட்டு பூ ராட்லி, குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றுகிறார். ஒரு குழந்தை பிறர் நிலையை உணரக் கற்றுக்கொள்வது பற்றிய நாவல் என்றே இதைப் போற்றுகிறார்கள். அந்தப் புகழை இரண்டாகப் பிரித்துத்தான் எடைபோட முடியும். கற்பது எப்படி நடக்கிறது என்பதை நாவல் உண்மையாகக் காட்டுகிறதா? கற்றது யார்வரை எட்டுகிறது?

முதலாவதில் எனக்குத் தயக்கமே இல்லை. லீ அளவுக்கு இதை நுட்பமாக எழுதியவர்கள் மிகக் குறைவு. ஒன்பதாம் அத்தியாயத்தைப் பாருங்கள். அப்பாவைக் கேவலமாகப் பேசிய பங்காளிப் பையன் பிரான்சிஸை ஸ்கவுட் குத்திவிடுகிறாள். சித்தப்பா ஜாக், என்ன நடந்தது என்று கேட்காமலே அவளை அடிக்கிறார். பிறகு அவள் அவருக்கு நிதானமாக எடுத்துச் சொல்கிறாள்: நீங்கள் என் பக்கத்தைக் கேட்கவே இல்லை, நானும் ஜெம்மும் சண்டை போட்டால் அப்பா இரண்டு பேரையும் கேட்பார். இந்த இடத்தில் பரிவு பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் தன் பேச்சு காது கொடுத்துக் கேட்கப்பட்ட குழந்தைக்குத்தான், கேட்கப்படாதபோது அது அநியாயம் என்று தெரிகிறது. நாளைக்கு நீதிமன்றத்தில் ஒருவரின் பக்கம் கேட்கப்படாமல் போவது அவளை உறுத்தப்போகிறது என்றால், அதன் வேர் இங்கே இருக்கிறது. ஆட்டிகஸின் புத்திமதியைவிட, மாலைதோறும் பிள்ளைகளின் வழக்கைக் கேட்கும் அவருடைய பழக்கம் பெரிய ஆசிரியர்.

அடுத்து, அண்ணன். பூ ராட்லி மரப்பொந்தில் வைத்துவிட்டுப் போகும் சூயிங்கம், பழைய நாணயங்கள், சோப்பில் செதுக்கிய பொம்மைகள் எல்லாம் இருவருக்கும் கிடைக்கின்றன. ஒருநாள் பூவின் அண்ணன் நேதன் ராட்லி அந்தப் பொந்தைச் சிமென்ட் பூசி அடைத்துவிடுகிறார். அதன்பின் ஒரு மாலை ஜெம் வெளியே நெடுநேரம் நின்றிருந்துவிட்டு உள்ளே வருகிறான். அவன் அழுதிருக்கிறான் என்று ஸ்கவுட்டுக்குத் தெரிகிறது. ஏன் என்று தெரியவில்லை. லீ அங்கேயே அத்தியாயத்தை முடித்துவிடுகிறார். மூத்தது முதலில் உணர்கிறது, இளையது அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறது, புரிவது எவ்வளவோ காலம் கழித்து. பிள்ளைகள் வளர்கிற வீட்டில் நடப்பது இதுதான். திருந்திய குழந்தையை அத்தியாய முடிவில் நிறுத்தி வைக்கும் நீதிக்கதை வழக்கத்திலிருந்து இது எவ்வளவோ தூரம்.

கதை சொல்பவரின் கைத்திறமை உச்சத்துக்குப் போவது கடைசி அத்தியாயத்தில். பூவை வீட்டில் விட்டுவிட்டு, அவர் வராந்தாவில் நின்று ஸ்கவுட் தெருவைத் திரும்பிப் பார்க்கிறாள். அதுவரை அவள் கண்வழியே பார்த்த இரண்டு வருடச் சம்பவங்களையும் லீ அந்த இடத்திலிருந்து, பூவின் கண்வழியே, ஒருமுறை ஓட்டிக் காட்டுகிறார். வெறிநாய், தீப்பிடித்த வீடு, சண்டையிடும் இரு குழந்தைகள். அந்தக் குழந்தைகள் இப்போது அவருடைய குழந்தைகள். பார்வைக்கோணம் என்ற கதை உத்தியே இங்கே பரிவாக மாறிவிடுகிறது. விதி சொல்லப்பட்டது மூன்றாம் அத்தியாயத்தில். அது உடம்பில் ஏறுவது முப்பத்தோராம் அத்தியாயத்தில்.

இப்போது இரண்டாம் கேள்வி. ஆட்டிகஸின் விதியை அவரே பயன்படுத்தும் இடங்களை வரிசையாக எடுத்துக்கொண்டால் ஒரு விஷயம் தெரியும். முதலில் அது புதிதாக வந்த வெள்ளைக்கார டீச்சருக்காக. பிறகு, சிறை வாசலில் டாமைக் கொல்ல வந்த கும்பலில் இருந்த பெரியவர் கன்னிங்ஹாமுக்காக. அவர் அடிப்படையில் நல்ல மனிதர், சில குருட்டு இடங்கள் உண்டு, நம் எல்லோரையும் போலத்தான் என்கிறார் ஆட்டிகஸ். அப்புறம், டாம் மேல் பழி சுமத்திய பெண்ணின் அப்பனும் தன் முகத்தில் காறித் துப்பியவனுமான பாப் யூவலுக்காக. அவன் இடத்தில் நின்று யோசித்துப் பார் என்று ஜெம்மிடம் சொல்லி, அவன் ஆத்திரம் துப்பியதோடு தீர்ந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். அந்த வகை ஆள் வன்மம் தீர்க்க எதையும் செய்வான் என்று அத்தை அலெக்ஸாண்ட்ரா எச்சரிக்கிறார். அத்தை சொன்னது நடக்கிறது. யூவல் கத்தியோடு குழந்தைகளைத் துரத்துகிறான், ஜெம்மின் கை முறிகிறது. அடுத்தவர் இடத்தில் நின்று பார்த்தேன் என்பதாலேயே அவரைச் சரியாகக் கணித்துவிட்டேன் என்று ஆகாது. தன்னைப் போன்ற ஒரு நாகரிகமான மனிதரை யூவலின் உடுப்புக்குள் வைத்துப் பார்த்திருக்கிறார் ஆட்டிகஸ். நாவல் இந்தத் தவற்றைச் சம்பவத்தில் காட்டுகிறது. எங்கேயும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் வகுப்பறைகளில் விதி கீறல் விழாமல் தப்பித்துவிடுகிறது.

சிறை வாசல் காட்சியை ஸ்கவுட்டின் பரிவுக்கு வெற்றி என்று எடுத்துக்காட்டுவது வாடிக்கை. அங்கே அவளுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. தெரிந்த முகத்தைப் பார்த்து, உங்கள் மகன் வால்டர் நலமா, அந்த நில வழக்கு எப்படிப் போகிறது என்று விசாரிக்கிறாள். பிறர் நிலையில் நிற்க நேர்ந்தது கன்னிங்ஹாமுக்குத்தான், அதுவும் ஒரு வெள்ளைக் குழந்தையின் நிலையில். உள்ளே கம்பிக்குப் பின்னால் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவரின் இரவு எப்படிப் போனது என்று அவளும் கேட்கவில்லை, கதையும் கேட்கவில்லை.

வழக்கு நடக்கிற அத்தியாயங்களில்தான் என் வாதமே இருக்கிறது. கீழே இடமில்லாததால் குழந்தைகள் மாடிக்குப் போகிறார்கள். அது கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய பகுதி. பாதிரியார் சைக்ஸ் அழைத்துப் போக, முன்வரிசையில் நான்கு பேர் எழுந்து அவர்களுக்கு இடம் விடுகிறார்கள். அதாவது ஸ்கவுட் உண்மையிலேயே, உடம்பாலேயே, அடுத்தவர் இடத்தில் உட்கார்ந்துதான் அந்த வழக்கைப் பார்க்கிறாள். அங்கிருந்து அவள் கண்ணுக்குப் படுவது என்ன?

டாம் சாட்சி சொல்கிறார். உயிர் போகிற வழக்கு. அப்போது ஸ்கவுட்டின் மனதில் எழுவது, பொய்ச்சாட்சி சொன்ன மேயெல்லா யூவல் உலகத்திலேயே தனிமையானவளாக இருக்க வேண்டும், பூ ராட்லியைவிடவும் தனிமையானவள் என்ற நினைப்பு. குப்பைமேட்டு வீடு, குடிகார அப்பன், ஒரு மூலையில் அவள் பேணி வளர்த்த சிவப்பு ஜெரேனியம் செடிகள். நாவலின் மிக நுட்பமான பரிவு இது, சந்தேகமில்லை. மரியாதையாகப் பேசினால் கேலி என்று நினைக்கிற அளவுக்கு மரியாதையே காணாத பெண் அவள். ஆனால் அந்தப் பரிவு எழுகிற நேரத்தைக் கவனிக்க வேண்டும். பேசிக்கொண்டிருப்பவர் டாம்.

சற்று நேரத்தில் அரசு வக்கீல் கில்மர் டாமைக் குடைகிறார். கூலி வாங்காமல் அந்தப் பெண்ணுக்கு ஏன் உதவினாய் என்று கேட்க, பாவமாக இருந்தது என்கிறார் டாம். அரங்கம் உறைந்துபோகிறது. ஒரு கறுப்பர் ஒரு வெள்ளைக்காரிக்காக இரக்கப்படுவதா? ஊர் நினைப்பில் இரக்கம் மேலிருந்து கீழே வழிய வேண்டிய பொருள். கீழிருந்து மேலே வந்தால் அது திமிர். ஆட்டிகஸ் போதித்ததைச் சொல்லித்தராமலே செய்தவர் இந்த நாவலில் டாம் ஒருவர்தான், அதற்கு அவர் கொடுக்கும் விலையும் தெரியும். பரிவுக்கு அனுமதிச்சீட்டு தேவைப்படுகிற ஊரில் பரிவைப் பற்றி எழுதுகிறேன் என்று லீக்கு இந்த ஓரிடத்திலாவது முழுசாகத் தெரிந்திருக்கிறது.

கில்மர் பேசிய தோரணையைத் தாங்க முடியாமல் குழந்தைகளின் நண்பன் டில் அழத் தொடங்குகிறான். ஸ்கவுட் அவனை வெளியே கூட்டிப் போகிறாள். அவள் சொல்லும் சமாதானம், எப்படியும் அவர் ஒரு கறுப்பர்தானே என்பது. கால்பூர்னியாவின் வெட்கம், அப்பாவின் விதி, மரப்பொந்து, எல்லாம் கடந்து வந்த பிறகு சொல்கிறாள். இந்த வசனத்தைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன். நாவலின் நேர்மையான வசனம் இதுதான். குழந்தை, ஊர் பேசும் பேச்சைத்தான் பேசும். குறை என்பது, இந்த வசனத்துக்கு நாவல் பிறகு கணக்குத் தீர்ப்பதே இல்லை என்பதில் இருக்கிறது. அவள் பூவிடம் நெருங்குகிற படிகள் ஒவ்வொன்றும் நமக்குக் காட்டப்படுகின்றன. இந்த வாக்கியத்தைச் சொன்ன சிறுமி, இதைச் சொல்லக் கூசுகிற சிறுமியாக மாறியது எந்தப் படியில்? மேயெல்லா கத்திய கணத்திலேயே டாம் செத்தவர் ஆகிவிட்டார் என்று இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் அவள் உணர்வது உண்டு. ஹிட்லரின் கொடுமையைக் கண்டிக்கும் டீச்சரே நீதிமன்றப் படியில் கறுப்பர்களைப் பற்றி வெறுப்போடு பேசினார் என்று நினைவுபடுத்திக் குழம்புவதும் உண்டு. இரண்டும் நல்ல இடங்கள். இரண்டுமே ஊரைப் பற்றிய அறிவு. டாமின் உள்ளே புகுந்த பார்வை இரண்டிலும் இல்லை.

எட்டு வயதுக் குழந்தை இதற்குமேல் என்ன பார்க்கும் என்று லீயின் பக்கம் நின்று கேட்கலாம். பலரும் கேட்கிறார்கள். ஆனால் கதையைச் சொல்வது குழந்தை இல்லை. வளர்ந்த ஸ்கவுட், அதாவது ஜீன் லூயிஸ், திரும்பிப் பார்த்துச் சொல்கிறாள். அவள் விரும்பிய இடத்திலெல்லாம் குறுக்கே வந்து ஊரின் வரலாற்றை, குடும்பக் கதையை, பெரியவர்களின் போலித்தனத்தைக் கிண்டலோடு விளக்குகிறாள். அப்படிப்பட்டவள் டாமின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காதது வயதுக் குறைவால் வந்த வரம்பாகாது. மார்க் ட்வெயினின் ஹக் ஃபின்னோடு ஒப்பிட்டால் இது பளிச்சென்று தெரியும். அங்கே கதை சொல்வது உண்மையிலேயே படிப்பில்லாத ஒரு பையன். மூடுபனி இரவில் அவன் செய்த ஏமாற்று விளையாட்டுக்காக, அடிமையான ஜிம் அவன் முகத்துக்கு நேரே அவனைக் கண்டிக்கிறார். பையன் தயங்கி, பிறகு போய் மன்னிப்புக் கேட்கிறான். காய்ச்சலில் காது கேட்காமல் போன மகளை அறியாமல் அடித்துவிட்ட கதையை ஜிம் தன் வாயாலேயே சொல்கிறார். ட்வெயின் கடைசிப் பகுதியில் ஜிம்மைக் கோமாளிக் கூத்தில் மாட்டிவிட்டுக் கெடுத்தது வேறு விஷயம். ஆனாலும் ஹக் கற்றது ஜிம்மிடமிருந்து. ஸ்கவுட் டாமிடமிருந்து எதையும் கற்பதில்லை; அவரைப் பற்றிக் கற்கிறாள்.

இருபத்துநான்காம் அத்தியாயத்தின் தேநீர் விருந்தை இந்த வெளிச்சத்தில் மறுபடி படித்தேன். தொலைதூரத்து ம்ருனா மக்களின் துயரத்தை நினைத்து மிஷன் சங்கத்துப் பெண்கள் கண்ணீர் விடுகிறார்கள். அதே மூச்சில், வழக்குக்குப் பிறகு தங்கள் சமையல்காரிகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். சமூக நையாண்டியில் லீ எழுதிய சிறந்த பக்கங்கள் இவை. நடுவில் ஆட்டிகஸ் வந்து, டாமைப் பதினேழு குண்டுகள் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று சமையலறையில் சொல்கிறார். டாமின் மனைவி ஹெலனிடம் சேதி சொல்லக் கால்பூர்னியாவை அழைத்துப் போகிறார். நடுங்கிப்போன அத்தை, முகத்தைத் துடைத்துக்கொண்டு விருந்தினரிடம் திரும்புகிறார். இந்த நேரத்திலும் அத்தை சீமாட்டியாக இருக்க முடிந்தால் என்னாலும் முடியும் என்று ஸ்கவுட் பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு நடக்கிறாள். அத்தையின் நிலையை அவள் முதன்முதலாக உணரும் இடம் இது, அழகாகவும் இருக்கிறது. ஹெலன் தரையில் சரிந்ததை நாம் அடுத்த அத்தியாயத்தில் கேள்விப்படுகிறோம், டில் பார்த்து, டில் சொல்லி, ஸ்கவுட் மூலமாக. மிஷன் சங்கத்தின் கண்ணீரைக் கேலி செய்த அதே கை, ஹெலனை இவ்வளவு தள்ளி நிறுத்துகிறது. அந்தக் கேலி தன் மேலும் தெறிக்கிறது என்று லீ கவனித்ததாகத் தெரியவில்லை.

மால்கம் கிளாட்வெல் 2009-இல் நியூயார்க்கர் இதழில் ஆட்டிகஸைக் கடுமையாக விமர்சித்தார்: மனங்களை மாற்றப் பார்க்கிறார், அமைப்பைத் தொடுவதில்லை என்று. அது வக்கீலைப் பற்றிய புகார். என் புகார் மகளைப் பற்றியது, அதற்கான கடைசிச் சான்று கால்பூர்னியாவின் வீடு. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கால்பூர்னியா குழந்தைகளைத் தன் தேவாலயத்துக்கு அழைத்துப் போகிறார். அங்கே அவர் வேறு பேச்சு பேசுவதைக் கேட்டு, அவருக்குத் தங்கள் வீட்டுக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று ஸ்கவுட் அதிசயிக்கிறாள். உங்கள் வீட்டுக்கு நான் வரலாமா என்று கேட்கிறாள். வரலாம் என்கிறார் கால்பூர்னியா. இரண்டு அத்தியாயம் தள்ளி அத்தை கூடாது என்று மறுக்கிறார். அதோடு சரி. நாவல் அந்தக் கேள்வியை மறுபடி எடுப்பதே இல்லை.

லீ அந்த வீட்டை எழுதாதவர் இல்லை. 2015-இல் வெளிவந்த 'கோ செட் எ வாட்ச்மேன்', உண்மையில் 1957-இல் பதிப்பகத்துக்குப் போன முதல் கைப்பிரதி. பதிப்பாசிரியர் டே ஹோஹாஃப் குழந்தைப்பருவத்தின் பக்கம் திருப்பிவிட்ட பிறகுதான் நமக்குத் தெரிந்த நாவல் பிறந்தது. 'வாட்ச்மேன்' கைப்பிரதியில் இருபத்தாறு வயது ஜீன் லூயிஸ் கால்பூர்னியாவின் வீட்டுக்குப் போகிறாள். பேரன் கார் விபத்து வழக்கில் மாட்டிக்கொண்ட நேரம். கால்பூர்னியா அவளை அந்நியரை வரவேற்பதுபோல மரியாதையாக வரவேற்கிறார். வளர்த்தவரின் முகத்தில் தன்னைத் தேடி, கிடைக்காமல், எங்களை வெறுத்தீர்களா என்று கேட்கிறாள் ஜீன் லூயிஸ். நெடுநேரம் கழித்து, இல்லை என்று தலையசைக்கிறார் கால்பூர்னியா. நாவலாகப் பார்த்தால் 'வாட்ச்மேன்' பக்கம் பக்கமாகத் தர்க்கம் பேசித் தளர்கிற பலவீனமான படைப்பு. ஆனால் அடுத்தவர் இடத்தில் நின்று பார்ப்பது என்றால், அங்கே உனக்கு வரவேற்பு இல்லாமலும் போகலாம் என்று சொல்லத் துணிகிற காட்சி அந்தப் பலவீனமான புத்தகத்தில்தான் இருக்கிறது. திருத்தி எழுதியபோது அந்த வாசல் அத்தையின் ஒரு மறுப்பில் அடைபட்டது. 2018-இல் ஆரன் சோர்க்கின் 'மாக்கிங்பேர்டு' கதையைப் பிராட்வே மேடைக்காக எழுதியபோது, ஆட்டிகஸோடு வாதாடும் கால்பூர்னியாவைப் புதிதாகப் படைக்க வேண்டியிருந்தது. எங்கே ஓட்டை இருந்தது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். குழந்தை எப்படிக் கற்கிறது என்று காட்டுவதில் இது முதல்தரமான நாவல், அந்தப் பெருமையை யாரும் குறைக்க வேண்டியதில்லை. இனவெறிக்கு எதிரான பரிவுப் பாடநூல் என்ற பட்டம் அதற்குப் பொருந்தாது. அதன் பரிவு பூ ராட்லியின் வராந்தாவில் முழுமை பெறுகிறது. டாம் ராபின்சனுக்கு வழங்குவது நீதி கேட்கும் ஆவேசம், கால்பூர்னியாவுக்கு வழங்குவது நன்றி. இரண்டும் நல்லவைதான், ஆனால் பூவுக்குக் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்கவில்லை. பாடமாக வைக்கிற ஆசிரியர் கடைசி அத்தியாயத்தின் வராந்தாவோடு வகுப்பை முடிக்காமல், டில் அழுகிற பத்தொன்பதாம் அத்தியாயத்துக்குப் பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிப்போய், ஸ்கவுட் அங்கே சொன்ன சமாதானத்தை வைத்துக்கொண்டு பேசச் சொல்லலாம்.